அப்பாவிட்டை என்ரை பேரைச் சொல்லு

ஆர்த்திகாவுக்கு வேலை கிடைத்துவிட்டது.

கனடாவில், மொன்றியலுக்குப் பக்கத்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. வெளியே இன்னும் இருட்டு. சமையலறை மேசையில் நிறுத்தி வைத்திருந்த தொலைபேசியில் மகளின் முகம் தெரிந்ததுமே உருத்திரமூர்த்திக்கு விளங்கிவிட்டது. ஐந்து மாதமாக அந்த முகத்தில் அவர் காணாத சிரிப்பு அது.

ஜெர்மனியில் வுப்பெர்ட்டால் நகரத்துக்கு உலோகவியல் படிக்கப் போன நாளிலிருந்து அவள் வேலைக்கு எழுதிக்கொண்டே இருந்தாள். வெளிநாட்டு மாணவர்கள் வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை செய்யலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் யாரும் கூப்பிடவில்லை. ஆங்கிலமும் பிரெஞ்சும் தமிழும் பேசும் பெண்ணிடம், ஜெர்மனில் தொலைபேசி எடுத்துப் பேசுவீர்களா என்று கேட்டார்கள். பேசிக் காட்டினாள். பிறகு கடிதம் வரும். எல்லாக் கடிதத்திலும் 'லைடர்' என்ற சொல் இருக்கும். வருந்துகிறோம் என்று பொருள். அந்தச் சொல்லை அவள் வாசித்துக் காட்டும் ஒவ்வொரு முறையும் உருத்திரமூர்த்தி எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார்.

ஏப்ரலில், செலவுக்கு வருமானம் உண்டு என்று காட்டி அவளுடைய வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் படிப்பைப் பாதியில் விட வேண்டியதுதான். போன கிழமை அவரே அவளிடம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வா என்று சொன்னார்; அதற்காக மனைவி சிவமலர் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. மகள் அந்த ஊருக்குப் போவதை அவர் தொடக்கத்திலிருந்தே விரும்பவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அங்கே குளிர் என்றார். மொன்றியலில் முப்பத்தொன்பது குளிர்காலம் கழித்த மனிதர்.

இப்போது வேலை கிடைத்திருக்கிறது. அதுவும் சும்மா வேலை இல்லை. கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், உலோகங்களைச் சோதிக்கும் பிரிவில், அவள் படிக்கும் படிப்புக்கே உரிய வேலை. செவ்வாய்க்கிழமை அரை நாள் நிற்க வைத்து வேலை செய்யச் சொல்லிப் பார்த்தார்களாம். இன்றைக்கு ஒப்பந்தம் கையில் கிடைத்துவிட்டது.

எல்லாம் அந்த அங்கிளால் என்றாள்.

அந்த அங்கிளைப் பற்றி மூன்று கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே தமிழ்க் கடை வைத்திருக்கும் கிறேஸ் அன்ரிதான் அவரைக் காட்டிவிட்டார். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். அவளுடைய சுயவிபரத்தை வாங்கி வாசித்து, மூன்று பக்கத்தை ஒரு பக்கமாக்கி, படம் ஒட்டச் சொல்லி, தெரியாத ஜெர்மனைத் தெரியும் என்று எழுதாதே என்று வெட்டி, இரண்டு சனிக்கிழமை தன் வீட்டு மேசையில் இருத்தி நேர்முகத் தேர்வுக்குக் கேள்வி கேட்டுப் பழக்கினார். அவருடைய பெயரைக் கேட்க வேண்டும் என்று உருத்திரமூர்த்திக்குத் தோன்றவில்லை. வெளிநாட்டில் யாரோ ஒரு தமிழர் யாரோ ஒரு பிள்ளைக்கு உதவுவது புதிதில்லை.

"மூண்டு மணிக்குள்ளை கையெழுத்து வைச்சுக் குடுக்க வேணும் அப்பா. இண்டைக்கு வெள்ளி, பேந்து ஒஃபீஸ் பூட்டிப்போடுவினம்" என்றாள் ஆர்த்திகா. அங்கே மூன்று மணி என்றால் இங்கே காலை ஒன்பது. "ஆனா அங்கிள் ஒண்டு சொன்னவர். கையெழுத்து வைக்க முன்னம் அப்பாவிட்டை என்ரை பேரைச் சொல்லு. அவர் ஓம் எண்டால் வை, இல்லையெண்டால் வையாதை எண்டு."

"அவற்றை பேர் என்ன?"

"மரியதாசன்."

உருத்திரமூர்த்தி திரையைப் பார்த்தபடியே இருந்தார். மகள் இரண்டு தரம் அப்பா என்று கூப்பிட்டாள். தொடர்பு விட்டு விட்டு வருகிறது, பேந்து எடுக்கிறன் என்று சொல்லித் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். தொடர்பு நன்றாகத்தான் இருந்தது.

மூன்று கிழமை. சுயவிபரத்தின் முதல் வரியிலேயே ஆர்த்திகா உருத்திரமூர்த்தி என்று எழுதியிருக்கும். அதை வாசித்த பிறகுதான் அந்த மனிதர் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டிருக்கிறார்.

சிவமலர் கர்க்லாண்டில் ஒரு garderie-யில், பகல்நேரக் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறாள். ஏழரைக்கு அங்கே நிற்க வேண்டும். உருத்திரமூர்த்திக்குப் பின்னேர வேலை என்பதால் காலையில் அவர்தான் காரில் கொண்டுபோய் விடுவார். அன்றைக்கும் ஏறினார்கள். மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை அவர் சொன்னதும் சிவமலர் கைகூப்பினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினாள்.

திரும்ப வேண்டிய சந்தியில் அவர் திரும்பவில்லை. அதற்கடுத்த சந்தியிலும் திரும்பவில்லை. கடைசியில் இன்னும் திறக்காத ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில், பனியை வழித்துக் குவித்திருந்த மேட்டுக்கு முன்னால் நிறுத்தினார்.

"ஆர் அந்த மனுசன்?" என்று கேட்டாள்.

அவர் சொல்லத் தொடங்கினார். இருபத்தெட்டு வருடம் தன்னோடு வாழ்ந்தவளிடம் ஒரு நாளும் சொல்லாததை, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

எண்பத்தாறாம் ஆண்டு. இலங்கையிலிருந்து போன அகதிகளை ஜெர்மனியில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் வைத்திருந்தார்கள். ஓர் அறையில் நான்கு பேர். வேலை செய்ய அனுமதி இல்லை. ஒவ்வொரு மாதமும் அலுவலகத்துக்குப் போய் நிற்க, அங்கே இருந்த பெண் தலையை ஆட்டி 'லைடர்' என்பாள். பக்கத்துக் கட்டிலில் மரியதாசன். ஒரே வயது. ஒரே கோப்பையில் சோறு தின்றவர்கள். மரியதாசனின் தமையன் யோசெப் அப்போதே மொன்றியலில் இருந்தார். தம்பியைக் கூப்பிடுவதற்கு ஒரு முகவரைப் பிடித்து, கடவுச்சீட்டும் பயணச்சீட்டும் ஒழுங்கு செய்திருந்தார். மரியதாசன் நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

நவம்பர் மாதம், குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு, மரியதாசனுக்கு வயிற்றுவலி வந்து குடல்வால் அறுவைக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் உருத்திரமூர்த்தி அறையில் தனியே இருந்தபோது முகவர் முன்கூட்டியே வந்துவிட்டான். அவன் ஒருவரையும் முன்னே பின்னே பார்த்தவன் இல்லை. கடவுச்சீட்டில் படம் ஒட்டவில்லை, அதற்குப் படம் வேண்டும் என்று வாசலில் நின்று கேட்டான்.

இதிலை மரியதாசன் ஆர்?

"நான்தான் எண்டு சொன்னன்" என்றார் உருத்திரமூர்த்தி.

சிவமலர் இருக்கைப் பட்டியைக் கழற்றினாள்.

நான்கு நாள் அந்தப் பெயரில் நடந்தார். பிராங்ஃபேர்ட்டில் முகவரின் வீட்டில் யாரோ மரியதாசன் என்று கூப்பிட, ஓம் என்று எழுந்து போய்ச் சாப்பிட்டார். இன்றைக்கும் ஆஸ்பத்திரி வரிசையிலோ வங்கி வரிசையிலோ நிற்கும்போது, மரியதாசன் ஆர் என்ற அந்தக் கேள்வி அவருக்குப் பின்னால் கேட்கும். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

மொன்றியலின் மிராபெல் விமான நிலையத்தில் தன் சொந்தப் பெயரைச் சொல்லித் தஞ்சம் கேட்டார். விட்டார்கள். வெளியே கண்ணாடிக் கதவுக்கு அப்பால் யோசெப் தம்பியைத் தேடிக்கொண்டு நின்றார். மரியதாசனின் கட்டில் தலைமாட்டில் இருந்த படத்தில் பார்த்த முகம். ஒதுங்கிப் போயிருக்கலாம். ஆனால் இந்த நாட்டில் அவருக்கு ஒரு ஆளையும் தெரியாது. கிட்டப் போனார்.

"என்ன சொன்னனீங்கள்?"

"உங்கடை தம்பி ஆஸ்பத்திரியிலை. சீட்டு வீணாப் போகக் கூடாது எண்டு என்னை அனுப்பினவர், அடுத்த முறை தான் வருவாராம் எண்டு சொன்னன்."

யோசெப் அதை நம்பினார். நம்பியது மட்டுமில்லை, பெருமைப்பட்டார். தன் தம்பி சிநேகிதனுக்காகத் தன் இடத்தைக் கொடுத்தவன் என்று டவுன்டவுனில் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். உருத்திரமூர்த்தியைத் தன் அறையில் வைத்துச் சாப்பாடு போட்டார். தான் வேலை செய்த உணவகத்துக்கு அழைத்துப் போய், என் தம்பி மாதிரி என்று சொல்லிக் கோப்பை கழுவும் வேலை எடுத்துக் கொடுத்தார். மூன்று மாதத்தில் கனடாவின் வாசல் இறுகிவிட்டது. அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. நான்காம் வருடம், வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் யோசெப் நெஞ்சடைத்து விழுந்தார். மரியதாசனுக்குப் பயணம் செய்யப் பத்திரம் இல்லை. தம்பியின் இடத்தில் நீ நில் என்று பாதிரியார் சொல்ல, உருத்திரமூர்த்திதான் குழிக்குள் முதல் பிடி மண்ணைப் போட்டார்.

சிவமலருக்கு யோசெப்பைத் தெரியும். கல்லறையாகத் தெரியும். முதல் வேலை எடுத்துத் தந்த அண்ணை என்று சொல்லி, கணவர் ஒவ்வொரு நவம்பரிலும் மலையடிவார மயானத்தில் மெழுகுதிரி கொளுத்தப் போவார். இரண்டு முறை அவளும் கூடப் போயிருக்கிறாள். நன்றியுள்ள மனிதர் என்று அப்போது நினைத்தாள்.

அவள் கைத்தொலைபேசியை எடுத்து, வர நேரமாகும் என்று garderie-க்குச் சொன்னாள். பிரெஞ்சில் சொன்னாள், குரல் ஆடாமல். மணி எட்டாகியிருந்தது.

"முதல்லை ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றாள். "பிள்ளை கையெழுத்தை வைக்கட்டும். மிச்சத்தைப் பேந்து சொல்லலாம்."

"சொல்லாமல் ஓம் எண்டால் அவன் சொல்லிப்போடுவான்."

"சொல்லுற ஆள் எண்டால் மூண்டு கிழமைக்கு முந்தியே சொல்லியிருப்பார். அவர் சொல்லமாட்டார்."

"ஓம்" என்றார் உருத்திரமூர்த்தி. "சொல்லமாட்டான். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

அவளுக்குக் கோபம் வந்தது. ஐந்து மாதமாக அந்தப் பிள்ளை பட்ட பாடு போதாதா, உங்கள் மனச்சுமையை இறக்க அவளுடைய வேலைதானா கிடைத்தது என்று கேட்டாள். அவர் தொலைபேசியில் மகளுக்கு எடுத்தார்.

ஆர்த்திகா பல்கலைக்கழக வாசற்படியில் நின்றாள். முதுகுக்குப் பின்னால் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவரைத் தெரியுமா அப்பா, என்றுதான் முதலில் கேட்டாள். தெரியும் என்றார். பிறகு சிவமலருக்குச் சொன்னதை அப்படியே அவளுக்கும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது, பயந்துபோயிருந்தேன் என்று மட்டும் ஓரிடத்தில் சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவர் சொல்லி முடிக்கும்போது அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"அவர் என்ரை சுயவிபரத்தை வாசிக்கேக்கை" என்றாள், "உங்கடை பேரிலை விரலை வைச்சுக்கொண்டு இருந்தவர் அப்பா. எழுத்துப்பிழையோ எண்டு கேட்டன். இல்லை, சரியாத்தான் இருக்கு எண்டவர்."

"பிள்ளை..."

"வையுங்கோ. நான் யோசிக்க வேணும்."

திரை இருண்டது.

எட்டேமுக்கால். காரின் சூடேற்றி ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. சிவமலர் தன் பக்கத்துக் கண்ணாடிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைக்காரர் ஒருவர் வந்து வாசலில் உப்புத் தூவிவிட்டு, இந்தக் கார் ஏன் இங்கே நிற்கிறது என்று ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார். ஒன்பது மணி ஆனது. ஒன்பது ஐந்து. மகளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஒன்பது இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. ஜெர்மனி எண். மகளின் எண் இல்லை.

உருத்திரமூர்த்தி எடுத்துக் காதில் வைத்தார்.

"மரியதாசன் கதைக்கிறன்."

அந்தப் பெயரை அதற்குரியவர் வாயால் சொல்லிக் கேட்டு முப்பத்தொன்பது வருடம். குரல் தடித்திருந்தது. வேறு மாற்றமில்லை. உருத்திரமூர்த்தி ஏதோ சொல்லத் தொடங்கினார். மச்சான் என்று ஒரு சொல் வந்தது. மற்றவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

உன்னோடு கதைக்க நான் எடுக்கவில்லை, பிள்ளையின் அலுவலாகத்தான் எடுத்தேன் என்றார் மரியதாசன். ஆர்த்திகா தொழிற்சாலை வாசலுக்கு வந்து ஒப்பந்தத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். கையெழுத்து வைக்கவில்லை. தன் அப்பா உங்களுக்குச் செய்ததுக்குப் பிறகு உங்கள் கையால் வேலை வாங்க மாட்டேன் என்று சொல்லி அழுதாளாம். அவர் மேலே போய் அலுவலகத்தில் கேட்டு, திங்கட்கிழமை காலை எட்டு மணி வரை அந்த இடத்தை வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அவரால் முடியாது. இரண்டாவதாக ஒருவன் காத்திருக்கிறான்.

"வேலை நான் குடுக்கேல்லை" என்றார். "செவ்வாய்க்கிழமை சோதினையிலை அவள்தான் முதல் வந்தவள். அதை அவளுக்கு விளங்கப்படுத்து. உன்ரை மகள் எண்டதாலை நான் குடுக்கவும் இல்லை, உன்ரை மகள் எண்டதாலை பறிக்கவும் இல்லை."

"அப்ப ஏன் பேரைச் சொல்லச் சொன்னனீ?"

மறுமுனையில் ஒரு கதவு மூடிய சத்தம் கேட்டது. இயந்திர இரைச்சல் அடங்கியது.

"அண்ணை எனக்குச் சாகும் மட்டும் கடிதம் எழுதினவர்" என்றார் மரியதாசன். "நீ உன்ரை இடத்தைக் குடுத்திட்டு நிக்கிறாய், உன்னை நினைச்சு எனக்குப் பெருமையாக் கிடக்கு எண்டு ஒவ்வொரு கடிதத்திலையும் எழுதுவார். நான் ஒரு நாளும் மறுத்து எழுதேல்லை. எப்பிடி எழுதுறது? என்ரை அண்ணைக்கு என்னிலை இருந்த பெருமை முழுக்க நீ சொன்ன பொய்யிலை வந்தது. அது பொய் எண்டு உன்ரை வாயாலை ஒருக்கா ஆருக்காவது சொல்லுறியோ எண்டு பாக்க நினைச்சன். சொல்லிப்போட்டாய்."

"மரியதாசன்..."

"பிள்ளையைப் பார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உருத்திரமூர்த்தி தொலைபேசியை மடியில் வைத்தார். சிவமலருக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவள் திரும்பவில்லை. ஆனால் கைப்பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

அவர் மகளை அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். நான்காம் முறை எடுத்தாள். அழுது முடித்த குரல்.

மரியதாசன் சொன்னதை அவர் சொன்னார். உன் திறமைக்குக் கிடைத்த வேலை என்றார். என் பிழைக்கு நீ தண்டனை வாங்காதே என்றார். திங்கட்கிழமை காலை வரை அவகாசம் இருக்கிறது என்றார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, அவர் எதிர்பார்க்காத விதமாக, மிக நிதானமாகச் சொன்னாள்.

"சரி. நான் கையெழுத்து வைக்கிறன். ஆனா நீங்கள் இஞ்சை வரவேணும் அப்பா. திங்கள் காலமை எட்டு மணிக்கு அந்த வாசல்லை நீங்கள் அவருக்கு முன்னாலை நிக்கவேணும். ஃபோனிலை இல்லை. முகத்துக்கு முகம். நீங்கள் வராட்டி நான் உள்ளை போகமாட்டன்."

உருத்திரமூர்த்தி அந்த நாட்டு மண்ணை மிதித்து முப்பத்தொன்பது வருடம். யாழ்ப்பாணத்துக்குப் போனபோதுகூட, பிராங்ஃபேர்ட் வழியாகப் போகும் விமானத்தை விட்டுவிட்டு, லண்டன் வழியாகச் சுற்றிப் போனவர்.

"வேலைக்கு லீவு சொல்ல வேணும் பிள்ளை. திடீரெண்டு எப்பிடி..."

"இண்டைக்கு வெள்ளி" என்றாள் ஆர்த்திகா. "ரெண்டு நாள் இருக்கு." வைத்துவிட்டாள்.

காருக்குள் சூடேற்றி இரைந்தது. முன்கண்ணாடியில் பனித்தூறல் விழுந்து உருகியது. சிவமலர், எட்டேமுக்காலுக்குப் பிறகு முதல் தடவையாக, அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்கடை பாஸ்போட் எங்கை கிடக்குது?"

அவர் அவளைப் பார்க்காமல், "அது முடிஞ்சு ரெண்டு வருசம்" என்றார்.

அவள் நேரத்தைப் பார்த்தாள். பத்து மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"அவசரமெண்டால் டவுன்டவுன் பாஸ்போட் ஒஃபீஸிலை இண்டைக்கே குடுப்பினம், நாலு மணிக்குப் பூட்டும். காரை எடுங்கோ" என்றாள்.